படகின் அம்ப்ளிபயருக்குத் தனிப் பற்றரி: பொருத்தும் முறை, படிப்படியாக

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பைபர் படகுகளிலும், உட்துறைமுகத்தில் மாலைச் சவாரி போகும் படகுகளிலும் பாட்டுக்கென்று அம்ப்ளிபயர் பொருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் திறந்து பார்த்த படகுகள் பலவற்றில் அந்த அம்ப்ளிபயரின் வயர், இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரியின் முனையிலேயே நேராகக் கட்டப்பட்டிருந்தது. பொருத்துகிறவருக்கு அது பத்து நிமிட வேலை. ஆனால் கடலில் நிற்கும்போது அந்தப் பற்றரிதான் கரைக்குத் திரும்பும் வழி என்பதால், அதிலிருந்து பாட்டுக்கு மின் எடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

எனக்கு இது புரிந்தது கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கமாக நங்கூரம் போட்டிருந்த ஒரு மாலையில். மூன்று மணி நேரம் பாட்டு ஓடியது. ஒலி சற்றும் குறையவில்லை, அதனால் பற்றரி இறங்கிக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. பொழுது சாயும்போது சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினேன், அந்தத் தட்டலும் இல்லை. கூட வந்திருந்த பெரியவர், “தம்பி, சாவியை விடு. மூடியைக் கழட்டிப்போட்டுக் கயித்தை எடு” என்றார். பிளைவீலில் கயிற்றைச் சுற்றி இருவரும் மாறி மாறி இழுத்து இயந்திரத்தைக் கிளப்பியபோது கரையில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. இயந்திரம் சற்றுப் பெரியதாக இருந்திருந்தால் கயிற்றாலும் முடிந்திராது.

ஒலி குறையாததற்குக் காரணம் எளியது. பற்றரி 11 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அம்ப்ளிபயர் பாடிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவை 10 வோல்ட்டுக்கு அருகில்தான் தாமாக நிற்கும். ஸ்டார்ட்டருக்கோ ஒரு சில விநாடிகளுக்கு 100 அம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே இயந்திரம் கிளம்ப முடியாத நிலைக்குப் பற்றரி வந்த பின்னரும் பாட்டு நன்றாகவே கேட்கும். அதனால்தான் பாட்டுக்கென்று இரண்டாவது பற்றரி ஒன்று வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இயந்திரத்தைக் கிளப்புவதை இயந்திரப் பற்றரி என்றும், பாட்டுக்கெனத் தனியாக வைப்பதைப் பாட்டுப் பற்றரி என்றும் சொல்கிறேன்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 1000 வாட், 2000 வாட் என்ற எண்ணை விட்டுவிட்டு, கையேட்டில் ‘ஆர்எம்எஸ்’ (தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வலு) என்று தந்திருக்கும் எண்ணை எடுங்கள். நான்கு சனல்களில் ஒவ்வொன்றும் 50 வாட் என்றால் மொத்தம் 200 வாட். ‘கிளாஸ் டி’ வகை அம்ப்ளிபயர் வாங்கும் மின்னில் ஏறக்குறைய 85 வீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும். எனவே முழு வலுவில் அது சுமார் 235 வாட், அதாவது 12.5 வோல்ட்டில் 19 அம்பியர் அளவில் இழுக்கும். பழைய ‘கிளாஸ் ஏபி’ வகை 50 முதல் 60 வீதம் வரைதான் தருவதால் அதே ஒலிக்கு 27 முதல் 32 அம்பியர் வரை இழுத்து, மிகுதியைச் சூடாக வீணாக்கும். படகுக்குக் கிளாஸ் டி தவிர வேறொன்றையும் நான் பரிந்துரைப்பதில்லை.

பாட்டு எந்நேரமும் முழு வலுவில் ஓடுவதில்லை. உரத்து வைத்தாலும் சராசரி மின்னோட்டத்தை முழு அளவின் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன அம்ப்ளிபயருக்கு அது 6 அம்பியர். பாட்டுப் பெட்டிக்கு (பாட்டைப் போடும் கார் ஸ்டீரியோ அல்லது புளூடூத் பெட்டி) ஒரு அம்பியர் சேர்த்தால் 7. ஐந்து மணி நேரச் சவாரிக்கு 35 அம்பியர்-மணி வேண்டும். வயரையும் பியூசையும் முழு அளவான 19 அம்பியரை வைத்தே தெரிவு செய்ய வேண்டும், பற்றரியின் கொள்ளளவை மட்டும் சராசரியை வைத்துத் தெரிவு செய்ய வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் பலர் மெல்லிய வயரை வாங்கிவிடுகிறார்கள்.

படி 2: பற்றரியைத் தெரிவு செய்யுங்கள்

இயந்திரம் கிளப்பும் பற்றரிக்குள் மெல்லிய ஈயத் தகடுகள் பல இருக்கும். சில விநாடிகளில் பெரு மின்னோட்டத்தைத் தருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதை மணிக்கணக்கில் இறக்கி ஏற்றினால் தகடுகள் உதிர்ந்து, சில மாதங்களிலேயே பயனற்றுப் போகும். பாட்டுக்கு வேண்டியது ‘டீப் சைக்கிள்’ வகை. அதன் தகடுகள் தடித்தவை. கடையில் கேட்கும்போது, “சோலருக்குப் போடுற பற்றரி” என்று சொன்னால் பெரும்பாலும் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

ஈய-அமிலப் பற்றரியை அதன் கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. எனவே 35 அம்பியர்-மணி தேவைக்கு ஆகக் குறைந்தது 70 அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும். பழசாகும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 100 என்பது நிம்மதியான அளவு. அலையில் அமிலம் சிந்தும் வகையைவிட, மூடிய ‘ஏஜிஎம்’ வகை படகுக்குப் பொருத்தமானது. லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரியில் 80 வீதம் வரை எடுக்கலாம், 100 அம்பியர்-மணிக்கு 11 முதல் 13 கிலோதான் பாரம். அதே கொள்ளளவுள்ள ஈயப் பற்றரி 25 முதல் 30 கிலோ வரை வரும். 18 அடிப் படகில் அந்த வித்தியாசம் சமநிலையில் தெரியும். ஆனால் லித்தியத்துக்குத் தனியான சார்ஜிங் முறை வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

படி 3: வைக்கும் இடம்

பெற்றோல் தாங்கிக்கு அருகில் வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும்; சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து வரும் ஐதரசனோ காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளக்கூடியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்சின் பொறி போதும். ஆகவே, மேல் பக்கம் காற்று வெளியேறும் துளையுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள், படகின் நடுப்பகுதியில் தாழ்வாக, ஆனால் அடியில் தேங்கும் நீர் தொடாத உயரத்தில், பட்டியால் இறுக்கிக் கட்டி வையுங்கள். கையால் தள்ளிப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. ஈய-அமிலப் பற்றரிக்குள் உப்பு நீர் புகுந்தால் குளோரின் வாயு எழும் என்பதால் உயரம் பற்றிய இந்த விதியில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வெயிலையும் நினைவில் வையுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) வீசும் மாதங்களில் மூடிய பெட்டிக்குள் சூடு கடுமையாக ஏறும். 25 பாகைக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. இருக்கைக்குக் கீழே நிழலான இடம் கிடைத்தால் அதுவே நல்லது.

படி 4: வயரும் பியூசும்

பைபர் படகில் காரைப் போல எர்த் எடுக்க உடல் கிடையாது. பொசிட்டிவுக்கு எவ்வளவு தடிப்போ, நெகட்டிவுக்கும் அதே தடிப்பில், பற்றரி வரை திரும்பும் முழு வயர் வேண்டும். தடிப்பைக் கணக்கிடும்போது போகும் தூரத்தையும் திரும்பும் தூரத்தையும் கூட்ட வேண்டும். பற்றரிக்கும் அம்ப்ளிபயருக்கும் இடையே 3 மீட்டர் என்றால் வயரின் நீளம் 6 மீட்டர். 19 அம்பியருக்குச் சற்று மிகுதி வைத்து, 25 அம்பியர் ஓடும்போது வோல்ட் இழப்பை 3 வீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் வைத்திருக்க 7.3 சதுர மில்லிமீட்டர் செம்பு தேவைப்படும். சந்தையில் அதற்கு அடுத்த அளவு 10 சதுர மில்லிமீட்டர், அதையே வாங்குங்கள்.

வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் கடலுக்கு உகந்தது. விலை கூட என்பது உண்மை. ஒருமுறை, இரண்டு பருவம் ஓடிய ஒரு படகில் சாதாரணச் செம்பு வயரின் முனையை வெட்டிப் பார்த்தேன். வெளி உறை புதிது போலிருந்தது. உள்ளே செம்பு கறுத்து, பச்சைப் பொடி பூத்து, ஒரு சாண் தூரத்துக்கு மேலே ஏறியிருந்தது. நகத்தால் கீறினால் இழைகள் உதிர்ந்தன. முனை வழியே புகும் உப்பு ஈரம் இழைகளுக்கிடையே தானாக ஏறிச் செல்லும் என்பதால், அந்த வயரில் முனையை மட்டும் வெட்டிப் புது லக் (வயரின் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டுப் பயனில்லை, முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. செம்பு பூசிய அலுமினிய வயரை அம்ப்ளிபயர் வயர் தொகுதி என்று மலிவாக விற்பார்கள். அது கடலில் இன்னும் விரைவாகக் கெடும். அதைத் தொடவே வேண்டாம்.

லக்கைச் சரியான கிரிம்ப் கருவியால் நசுக்கி இறுக்குங்கள். ஈயம் வைத்து ஒட்டுவதை மட்டும் நம்பினால், அலை அதிரும்போது ஒட்டிய இடத்துக்கு அடுத்தாற்போல் வயர் முறியும். இறுக்கிய பின், உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்கி, விளிம்பில் பசை கசிந்து வரும் வரை காத்திருங்கள். கசிந்தால்தான் உள்ளே ஈரம் புகாதபடி மூடியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பியூஸ். பாட்டுப் பற்றரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது 18 சென்ரிமீட்டருக்குள் முதன்மைப் பியூஸ் இருக்க வேண்டும். அம்ப்ளிபயரின் முதுகில்தான் பியூஸ் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது அம்ப்ளிபயரைக் காப்பது. பற்றரிப் பக்கத்துப் பியூஸ் வயரைக் காப்பது. நடுவழியில் வயரின் உறை உரசித் தேய்ந்து நெகட்டிவோடு தொட்டால், அம்ப்ளிபயரின் பியூசுக்கு அந்த மின்னோட்டம் போகவே போகாது. பற்றரி தன் முழு வலுவையும் அந்த வயரில் கொட்டி அதைப் பழுக்கச் செய்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் வயருக்கும் 30 அம்பியர் பியூஸ் உள்ள அம்ப்ளிபயருக்கும் 40 அம்பியர் முதன்மைப் பியூஸ் பொருந்தும். பியூசுக்கு அடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு துண்டிப்புச் சுவிட்சையும் வையுங்கள்.

படி 5: நெகட்டிவ்கள் இரண்டையும் என்ன செய்வது

என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும், தவறினால் பெட்டியையே எரிப்பதும் இதுதான்.

பாட்டுப் பெட்டி, அம்ப்ளிபயர், யூஎஸ்பி முனை என எல்லாமே பாட்டுப் பற்றரியில் இருந்து, அந்தப் பற்றரியைக் கரையில் தனியாகச் சார்ஜ் செய்வதானால், இரண்டு மின்சுற்றுகளும் ஒன்றையொன்று தொடத் தேவையில்லை. இதுவே மிகத் தூய முறை.

பாட்டுப் பெட்டி பழையபடி இயந்திரப் பற்றரியிலும், அம்ப்ளிபயர் மட்டும் பாட்டுப் பற்றரியிலும் இருக்குமானால் நெகட்டிவ்கள் இரண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால், ரிமோட் வயரில் (பாட்டுப் பெட்டியிலிருந்து அம்ப்ளிபயரை இயக்கும் வயர்) போகும் சிறு மின்னோட்டத்துக்குத் திரும்பி வர ஒரே வழியாக, பாட்டை அம்ப்ளிபயருக்குக் கொண்டு செல்லும் ஆர்சிஏ வயரின் மெல்லிய வெளிவலைதான் இருக்கும். ஒலியில் இரைச்சல் வரும், சிலவேளை அம்ப்ளிபயர் இயங்காது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. பின்னொரு நாள் இயந்திரத்திலிருந்து சார்ஜ் எடுக்கலாமென்று யாராவது பொசிட்டிவ்களை மட்டும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) மூலம் இணைத்துவிட்டால், சார்ஜ் மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய வலை வழியே திரும்பப் பார்க்கும். பாட்டுப் பெட்டிக்குள் ஆர்சிஏ முனையின் செம்புத் தடம் கணத்தில் எரிந்துபோகும். திருத்தக் கொண்டு வரப்பட்ட பெட்டியொன்றில் அந்தத் தடம் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நெகட்டிவ்களை இணைக்கும் வயர் தடித்ததாக, இயந்திரத்துக்குப் போகும் பற்றரிக் கேபிளின் தடிப்பிலேயே இருக்கட்டும். இயந்திரப் பற்றரியின் நெகட்டிவ் முனை என்றாவது தளர்ந்தால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் இணைப்பு வயர் வழியே வரக்கூடும்; மெல்லியதாக இருந்தால் அது உருகிவிடும்.

படி 6: பாட்டுப் பெட்டியும் ரிமோட் வயரும்

கார்களுக்கான பாட்டுப் பெட்டிகளில் மஞ்சள் வயர் நினைவகத்துக்கு, சிவப்பு வயர் சாவிக்கு, கறுப்பு நெகட்டிவ். மூன்றையும் பாட்டுப் பற்றரிக்கே கொண்டு வாருங்கள். மஞ்சள் வயரை இயந்திரப் பற்றரியில் விட்டுவைத்தால், படகு வாரக்கணக்கில் கரையில் கிடக்கும்போது அது சொட்டுச் சொட்டாக இறக்கும். நீல வயர், அல்லது வெள்ளைக் கோடிட்ட நீல வயர், அம்ப்ளிபயரின் ரிமோட் முனைக்கு. புளூடூத் பெட்டியில் அப்படி வயர் இல்லையென்றால், பாட்டுப் பற்றரியிலிருந்து 1 அம்பியர் பியூசோடு ஒரு சிறு சுவிட்ச் வைத்து ரிமோட் முனைக்குக் கொடுக்கலாம். ஆர்சிஏ வயரை மின் வயரோடு சேர்த்துக் கட்டாமல் படகின் மறுபக்கமாகக் கொண்டு செல்லுங்கள்.

படி 7: சார்ஜ் செய்யும் வழி

முதலில் உங்கள் இயந்திரம் என்ன தருகிறது என்று பாருங்கள். கயிற்றால் கிளப்பும் சிறிய அவுட்போர்ட்களில் பலவற்றில் விளக்குக்கான சுருள் மட்டுமே இருக்கும். அது தருவது மாறுதிசை மின்னோட்டம், அளவும் 6 அம்பியர் போல. அதை நேர்மின்னாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெக்டிபயர்-ரெகுலேற்றர் இல்லாமல் பற்றரியில் கொடுக்கக்கூடாது. மேலும், திமிங்கிலம் தேடி மெதுவாக அலையும்போது இயந்திரம் தாழ்ந்த சுழற்சியில் ஓடுவதால் அந்த 6 அம்பியரும் வராது. (திமிங்கிலம் தென்பட்டதும் பாட்டை நிறுத்திவிடுங்கள், அதன் மூச்சொலியைக் கேட்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.)

பெரும்பாலான படகுகளுக்கு நான் சொல்வது, சவாரி முடிந்ததும் வீட்டில் 230 வோல்ட் சார்ஜரில் போடுவதைத்தான். ஈயப் பற்றரிக்கு 14.4 வோல்ட் வரை ஏற்றி, பின் 13.5 அளவில் தாங்கி நிற்கும் தானியங்கி சார்ஜர் போதும். நம் ஊர்ச் சூட்டுக்கு, வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. 35 பாகையில் ஏறக்குறைய 0.18 வோல்ட் குறைய வேண்டும். 50 வாட் சோலர் தகடு ஒன்றைக் கூரையில் பொருத்தினால் நல்ல வெயில் நாளில் 15 அம்பியர்-மணி வரை சேரும். கூரையுள்ள படகுக்கு இது அருமையான துணை.

இயந்திரத்திலிருந்தே சார்ஜ் வேண்டுமானால் வோல்ட் உணரும் ரிலேயைப் பொருத்துங்கள். இயந்திரப் பற்றரி 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் இது இரண்டு பற்றரிகளின் பொசிட்டிவ்களையும் இணைக்கும். இயந்திரம் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் தானாகப் பிரிக்கும். இந்த இணைப்பு வயரின் இரு முனையிலும் பியூஸ் வேண்டும், ஏனென்றால் இரு முனையிலும் பற்றரி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறு பக்கத்துப் பற்றரியிலிருந்து தீப்பிடிக்கலாம். லித்தியத்துக்கு இந்த ரிலே ஆகாது. அது ஓய்வில் இருக்கும்போதே 13.3 வோல்ட் அளவில் நிற்பதால் ரிலே பிரியாமல் இரண்டும் ஒட்டியே கிடக்கும், பாட்டு மறுபடியும் இயந்திரப் பற்றரியைத் தின்னத் தொடங்கும். லித்தியத்துக்கு இடையில் ‘டிசி-டிசி’ சார்ஜர் வைக்க வேண்டும்.

1, 2, இரண்டும், நிறுத்தம் என்று கையால் திருப்பும் சுவிட்சை நான் விரும்புவதில்லை. ‘இரண்டும்’ என்ற நிலையில் மறந்து விட்டால் பழைய கதைதான். இயந்திரம் ஓடும்போது ‘நிறுத்தம்’ பக்கம் திருப்பிவிட்டால் வோல்ட் எகிறி ரெக்டிபயர் எரியும்.

எதைத் தெரிவு செய்தாலும், பாட்டுப் பற்றரிக்கும் அம்ப்ளிபயருக்கும் இடையே தாழ் வோல்ட் துண்டிப்பான் ஒன்றை 11.8 வோல்ட்டில் வைத்துப் பொருத்துங்கள். அம்ப்ளிபயர் தானாக நிற்கும்வரை விட்டால் பற்றரி அதற்கு வெகு முன்பே கெட்டுவிடும்.

படி 8: இணைத்துச் சோதித்தல்

பியூஸ் கடைசியில்தான். முதலில் ஸ்பீக்கர் வயர்கள், ஆர்சிஏ, ரிமோட். பின் அம்ப்ளிபயரின் நெகட்டிவ், பொசிட்டிவ். பின் பற்றரியின் பொசிட்டிவ். கடைசியாகப் பற்றரியின் நெகட்டிவ். மல்டிமீட்டரை அம்ப்ளிபயர் பக்கத்துப் பியூஸ் முனையில் வைத்துப் பார்த்தால் 0 காட்ட வேண்டும். பியூசைச் செருகிய பின், நிறைந்த ஈயப் பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கியிருக்கிறது.

இப்போது பாட்டை உரத்து வைத்து, பற்றரி முனையில் ஒருமுறையும் அம்ப்ளிபயர் முனையில் ஒருமுறையும் அளவெடுங்கள். வித்தியாசம் 0.4 வோல்ட்டுக்கு மேலிருந்தால் எங்கோ ஒரு லக் சரியாக இறுகவில்லை. கையால் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் குற்றவாளி. இயந்திரத்தைக் கிளப்பி வேகத்தைக் கூட்டும்போது ஸ்பீக்கரில் ‘ஈ…’ என்ற ஒலியும் கூடினால், நெகட்டிவ் இணைப்பையும் ஆர்சிஏ போகும் பாதையையும் சரிபாருங்கள். எல்லாம் சரியானதும் முனைகளில் வாசலைன் பூசி, பொசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள். கடைசிச் சோதனையைக் கரையிலேயே செய்துவிடலாம்: துண்டிப்பான் அணைக்கும் வரை பாட்டை ஓடவிட்டு, உடனே இயந்திரத்தின் சாவியைத் திருப்புங்கள். முதல் திருப்பிலேயே கிளம்ப வேண்டும்.

வாடைக்காற்று எழுந்து படகை மேலே இழுத்துவிடும் நவம்பரிலிருந்து பற்றரியைப் படகிலேயே விட்டுவைக்காதீர்கள். கழற்றி, நன்னீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, முழுதாகச் சார்ஜ் செய்து நிழலில் வையுங்கள். ஈயப் பற்றரி சும்மா இருந்தாலும் மாதாமாதம் சிறிது இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று படிந்து, சித்திரையில் மறுபடி கடலுக்குப் போகும்போது பாதிக் கொள்ளளவுகூட இராது. மாதத்துக்கு ஒரு நாள் சார்ஜரில் போட்டு, பெட்டியின் மேல் ஒரு பட்டியை ஒட்டித் திகதியையும் வோல்ட்டையும் எழுதி வையுங்கள்.